களிம்பு ஏறிய இணைப்பும் ரேடியேட்டர் விசிறியும்

கார் எஞ்சினின் வெப்பத்தைத் தணிக்கும் ரேடியேட்டரை ஒட்டிப் பொருத்தப்பட்டிருக்கும் மின்விசிறி எப்போதும் சுழல்வதில்லை. வண்டி விரைந்து ஓடும்போது எதிர்க்காற்றே வெப்பத்தை வாரிக்கொண்டு போய்விடுவதால், வண்டி நிற்கும்போதும் ஊரும்போதும்தான் அதற்குப் பெரிதும் வேலை. திருநெல்வேலியிலிருந்து வரும் வழியெல்லாம் அசையாமல் இருந்த வெப்பமானி முள், தூத்துக்குடித் துறைமுகச் சாலையில் கண்டெய்னர் லாரிகளின் வரிசைக்குப் பின்னால் கால் மணி நேரம் நின்றதும் மேலேறத் தொடங்கினால், கூலண்ட் எனப்படும் குளிர்விப்பு நீரின் அளவு சரியாக இருக்கும் நிலையில், முதலில் ஐயப்பட வேண்டியது இந்த விசிறியையும் அதன் மின்சுற்றையுமே.

அச்சுற்று இரண்டு ஓட்டங்களால் ஆனது. கூலண்ட்டில் நனைந்திருக்கும் உணரிக்குள் தெர்மிஸ்டர் என்னும் சிறு பொருள் உள்ளது. வெப்பம் ஏற ஏற அதன் மின்தடை குறைவதைக் கொண்டு கட்டுப்பாட்டுக் கணினி வெப்பநிலையை அறிந்து, பல கார்களில் 95 முதல் 100 பாகை செல்சியசுக்குள் ரிலேக்கு ஆணையிடுகிறது. ரிலே என்பது சிறிய மின்னோட்டத்தால் காந்தமாகிப் பெரிய மின்னோட்டத்துக்கு வழிதிறக்கும் சுவிட்ச். அதன் 85, 86 என்று எண்ணிட்ட முனைகளில் ஓர் ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்கு அளவே பாய, 30, 87 ஆகிய முனைகளின் வழியே பேட்டரியிலிருந்து பியூஸைக் கடந்து மோட்டாருக்கு 15, 20 ஆம்பியர் போகிறது. அந்தப் பெரிய ஓட்டம் திரும்பிவரும் வழி, வண்டியின் உடற்பகுதியில் திருகப்பட்ட ஒற்றைக் கம்பி. மெக்கானிக்குகள் அதை ‘எர்த்’ என்பர்.

முத்துக்குளித்துறை எனப் பெயர்பெற்ற இக்கடற்கரையில், ஒருபுறம் மன்னார் வளைகுடாவும் மறுபுறம் வேம்பார் முதல் ஆறுமுகநேரி வரை பரந்த உப்பளங்களும் இருப்பதால், காற்றில் வரும் உப்பு பானட்டுக்குள்ளும் புகுந்து படிகிறது. சமையல் உப்பு ஏறத்தாழ 75 விழுக்காடு ஈரப்பதத்தில்தான் தானே கசிந்து நீராகும். ஆனால் கடலுப்போடு கலந்து வரும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடே போதும் என்பதால், உலர்ந்ததாகத் தோன்றும் நண்பகலிலும் இணைப்புகளின் மேல் ஓர் ஈரப்படலம் இருந்துகொண்டே இருக்கும். செம்பைத் தின்று அங்கு உருவாகும் பச்சைப் படிவுக்குக் களிம்பு என்பது பழந்தமிழ்ப் பெயர். செம்பிற் களிம்பை உயிரைப் பற்றிய ஆணவ மலத்துக்கு உவமையாக்கிய சைவ சித்தாந்திகள், அது மேலே பூசியதன்று, உள்ளேயே ஊறியது என்பதை நன்கு கண்டிருந்தனர். காரைக்குடியில் 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், கடல்சார் அரிமானத்தை ஆராய மண்டபத்திலும் தூத்துக்குடியிலும் களநிலையங்களை வைத்திருப்பதிலிருந்தே இக்காற்றின் கடுமை விளங்கும்.

களிம்பின் தீங்கை எண்ணால் உணர்வது நல்லது. ஓர் இணைப்பில் 0.1 ஓம் தடை கூடியிருக்க, அதன் வழியே 20 ஆம்பியர் பாய்ந்தால், 2 வோல்ட் அங்கேயே இழக்கப்பட்டு 40 வாட் வெப்பமாகிறது. பற்றவைக்கும் கோல் ஒன்றின் சூடு அது. விசிறி மெதுவாகச் சுற்ற, ‘கப்ளர்’ எனப்படும் பிளாஸ்டிக் இணைப்பான் பழுப்பேறி உருகும். இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்றுண்டு. கப்ளரைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தால் அது முழுமையாக 12 வோல்ட்டைக் காட்டும். ஏனெனில் மீட்டர் தன் வழியே ஏறக்குறைய ஓட்டமே எடுப்பதில்லை, ஓட்டமில்லாத இடத்தில் தடை தன்னைக் காட்டிக்கொள்வதும் இல்லை. ‘கரண்ட் வருகிறது, மோட்டார்தான் போய்விட்டது’ என்று முடிவுகட்டி நல்ல மோட்டாரைத் தூக்கி எறிவது இதனால்தான். மீட்டருக்குப் பதில் 55 வாட் ஹெட்லைட் பல்பை இணைத்தால், அது நாலரை ஆம்பியர் கேட்பதால், களிம்பேறிய வழியில் மங்கி உண்மையைச் சொல்லிவிடும்.

எனவே தேடலை விசிறி ஓடும்போதே செய்ய வேண்டும். பெரும்பாலான கார்களில் ஏசியைப் போட்டாலே விசிறி சுழலும்; அப்போது சுழன்று, எஞ்சின் சூட்டுக்கு மட்டும் சுழலாவிட்டால், மோட்டாரை விட்டு உணரியையும் அதன் கம்பியையும் பார்க்கலாம். ரிலேயை அதே வகை ஹாரன் ரிலேயோடு மாற்றிப் பார்ப்பது அரை நிமிட வேலை. அடுத்து மீட்டரின் ஒரு முனையை மோட்டாரின் எர்த் கம்பியிலும் மறுமுனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் வைத்தால், சரியான எர்த் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டாது; ஒரு வோல்ட் காட்டினால் குற்றவாளி கிடைத்தது. சாவியை எடுத்த பின்னும் சில கார்களில் விசிறி திடீரெனச் சுழலும் என்பதால், தோளில் துண்டு தொங்க அதன்மேல் குனிவது ஆபத்து. எரிந்த பியூஸுக்குப் பதில் கம்பியைச் சுற்றுவது அதனினும் கொடியது. மோட்டாரின் பேரிங் இறுகி ஓட்டம் பெருகும்போது பியூஸுக்குப் பதில் கம்பிக்கட்டே எரியும்.

பழுதைக் கண்டபின் உப்புத்தாளால் மேலே தேய்த்துவிட்டு மூடுவது இக்கரையில் சில மாதம்கூடத் தாங்காது. ஈரம் நுண்ணிய செம்பிழைகளுக்கு இடையே ஏறியிருப்பதால், கம்பியின் உறையை உரித்துக்கொண்டே போனால் விரற்கடைத் தூரத்துக்கும் இழைகள் கறுத்திருப்பது தெரியும். செந்நிறம் பளிச்சிடும் இடம்வரை வெட்டி, புதிய முனையை நெருக்கி, பசையுள்ள சுருங்குகுழாயால் போர்த்தி, எர்த் திருகின் அடியில் வண்ணப்பூச்சைச் சுரண்டி வெற்றிரும்பில் இறுக்கி, அதன்மேல் வாசலின் தடவுவதே முறை.