சிறைமதிலின் இருவகைக் கடமை

சிறைக்காவல் என்றவுடன் உயர்ந்த மதிலும் இரும்புக் கம்பியுமே நம் நினைவில் எழுகின்றன. ஆயினும் உயர்காவற் சிறையின் அமைப்பு அடுக்கடுக்கானது. புறத்தே மதிலும் காவற்கோபுரமும்; அடுத்து, ஒன்று மூடிய பின்னரே மற்றொன்று திறக்கும் இரட்டை வாயில்; அதற்கும் உள்ளே தனித்தனிக் கட்டடங்களும் பூட்டிய அறைகளும். நடுவில் நிற்கும் காவலன் சுற்றிலுமுள்ள அறைகள் அனைத்தையும் நோக்கத்தக்க வட்டவடிவச் சிறையொன்றை ஆங்கில அறிஞர் பெந்தாம் 1791இல் வெளியிட்ட நூலில் வகுத்துக் காட்டினார். இவையாவும் கைதி வெளியேறாதிருத்தற்கு வகுத்த முறைகளே.

ஆனால், திறவுகோலைத் தன்பால் வைத்திருக்கும் அரசுக்கு மற்றொரு கடமையும் உண்டு. பூட்டிய அறையிலிருப்பவன் ஓடவும் இயலாது, ஒளியவும் இயலாது. அவனுயிருக்குக் காவலரே பொறுப்பாவர். 1841இல் அமைந்த கொழும்பு வெலிக்கடைச் சிறையில், 1983ஆம் ஆண்டு யூலை 25ஆந் திகதி 35 தமிழ்க் கைதிகள் பிற கைதிகளால் தாக்கிக் கொல்லப்பட்டனர். அந்நிகழ்வே போதிய எச்சரிக்கையாகியிருத்தல் வேண்டும். எனினும் ஒருநாள் இடைவிட்டு, 27ஆந் திகதி மேலும் 18 பேர் அதே மதிலுக்குள் மாண்டனர். மதில் சரியவில்லை, கடமையே தவறியது.

2015இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகளுள் முதலாவது, கைதிகளின் பாதுகாப்பை எந்நேரமும் உறுதிசெய்தல் வேண்டும் என்கின்றது. ஆதலின் ஒரு சிறையின் உறுதியை அளப்போர், தப்பியோடியோர் தொகையை மட்டும் எண்ணுதல் போதாது. உயிரோடு வீடு திரும்பியோர் தொகையையும் எண்ணுதல் வேண்டும்.