வடசென்னையில் வீடு புதுப்பித்தல்

வீடு புதுப்பித்தல் என்பது, ஏற்கெனவே குடியிருப்பில் உள்ள ஒரு வீட்டின் பழுதுகளை நீக்குதல், அதன் உறுதியை மீட்டல், தேவைக்கேற்ப மாற்றியமைத்தல் ஆகிய பணிகளைக் குறிக்கும். வடசென்னையின் இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், வியாசர்பாடி, எம்.கே.பி. நகர் ஆகிய பகுதிகளில் இப்பணி தனித்தன்மை உடையது. கடற்காற்றின் உப்பு, உவர்ப்பான நிலத்தடி நீர், தாழ்வான நிலம் ஆகிய மூன்றும் இங்குள்ள கட்டிடங்களைத் தொடர்ந்து தாக்குகின்றன. எனவே இங்கு செய்யப்படும் சீரமைப்பு நீடிப்பதும் சில ஆண்டுகளில் பாழாவதும், வெளியே தெரியும் ஓடு, வண்ணம் ஆகியவற்றைவிட, பழுதின் காரணத்தைச் சரியாக அறிவதையும் பூச்சுக்கு உள்ளே மறைந்துவிடும் வேலையின் தரத்தையுமே பொறுத்தது.

வீடுகளின் வகைகள்

இப்பகுதியின் வீடுகளைக் கட்டுமான முறையின் அடிப்படையில் இரண்டாகப் பிரிக்கலாம்.

முதலாவது வகை, துறைமுகத்தை ஒட்டிய பழைய தெருக்களில் எஞ்சியுள்ள சுண்ணாம்புக் காரை வீடுகள் ஆகும். இவற்றின் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புக் கலவையும் கொண்டவை. கூரை பெரும்பாலும் மெட்ராஸ் தளம் எனப்படும் முறையில் அமைந்திருக்கும். 1856ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இராயபுரம் தொடர்வண்டி நிலையமும் சுண்ணாம்புக் கட்டுமானக் காலத்தைச் சேர்ந்ததே. அது 2005ஆம் ஆண்டு புதுப்பிக்கப்பட்டது.

இரண்டாவது வகை, கம்பி கட்டி வார்க்கப்பட்ட கற்காரை வீடுகள் ஆகும். 1961இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு வீட்டு வசதி வாரியமும், 1970இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு குடிசை மாற்று வாரியமும் வடசென்னையில் இத்தகைய குடியிருப்புகளைப் பெருமளவில் கட்டின. குடிசை மாற்று வாரியம் 2021இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாற்றப்பட்டது. மகாகவி பாரதி நகர் என்பதன் சுருக்கமான எம்.கே.பி. நகர், வியாசர்பாடியை அடுத்து வீட்டு வசதி வாரியம் உருவாக்கிய குடியிருப்புப் பகுதியாகும்.

பழுதின் காரணங்கள்

கம்பி துருப்பிடித்தல்

நல்ல கற்காரை மிகுந்த காரத்தன்மை உடையது. அதன் பி.எச். அளவு 12.5க்கும் மேல் இருக்கும். இந்தக் காரச் சூழலில் கம்பியின் மேல் மெல்லிய காப்புப் படலம் ஒன்று உருவாகித் துருவைத் தடுக்கிறது. இப்படலம் இரு வழிகளில் அழிகிறது.

ஒன்று, குளோரைடு. கடற்காற்று கொண்டுவரும் உப்பு, கழுவப்படாத உவர்மணல், உவர்நீர் ஆகியவற்றின் வழியாக இது கற்காரைக்குள் செல்கிறது. மற்றொன்று, காற்றிலுள்ள கரியமில வாயு. இது கற்காரையின் நுண்துளைகள் வழியே புகுந்து, அங்குள்ள கால்சியம் ஹைட்ராக்சைடுடன் வினைபுரிந்து கால்சியம் கார்பனேட்டை உண்டாக்குகிறது. இதனால் பி.எச். அளவு 9க்கும் கீழ் இறங்குகிறது. கம்பிக்கு வெளியே உள்ள கற்காரை மெல்லியதாக இருந்தால் இரண்டும் விரைவில் கம்பியை எட்டிவிடும்.

துருவானது, அது உருவான இரும்பைப் போல 2 முதல் 6 மடங்கு இடத்தை அடைத்துக்கொள்கிறது. இந்த விரிவு கற்காரையை உள்ளிருந்து பிளக்கிறது. முதலில் கம்பியின் நீளவாக்கில் மயிரிழை போன்ற விரிசல் தோன்றும். பின்னர் பழுப்பு நிறக் கறை படியும். இறுதியில் காரை பெயர்ந்து விழும்.

காற்றிலுள்ள உப்பின் அளவு கடற்கரையை விட்டு விலகும்போது விரைவாகக் குறைகிறது. ஆகவே காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் கடலை நோக்கிய சுவர்கள், சன்ஷேடுகள், மாடிப்படிகள் ஆகியவை முதலில் பழுதடைகின்றன. உள்ளே தள்ளியிருக்கும் எம்.கே.பி. நகர் போன்ற இடங்களில் கழிவறைக் கசிவு, மொட்டைமாடியில் தேங்கும் மழைநீர், கரியமில வாயு ஆகியவற்றின் பங்கு கூடுதலாக இருக்கும்.

உவர்நீர்

மீஞ்சூர்ப் பகுதியின் நிலத்தடியில் கடல்நீர் உட்புகுந்திருப்பது 1960களின் இறுதியிலேயே அறியப்பட்டது. இக்கடற்கரைப் பட்டையில் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உவர்ப்பாகவே கிடைக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 456 நெறிமுறையின் 2000ஆம் ஆண்டுப் பதிப்பு, கம்பி கட்டிய கற்காரைக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என வரையறுக்கிறது. குடிக்க இயலாத அளவு கரிக்கும் நீரில் கலவை போடுவது, துருவின் வித்தைக் கட்டும்போதே உள்ளே வைப்பதற்கு ஒப்பாகும்.

ஓதமும் சாலை மட்டமும்

தரையிலிருந்து ஈரம் சுவரில் ஏறாமல் இருக்க, அடித்தளத்தின் மேல் ஓதத் தடுப்பு வரிசை ஒன்று இடப்படுகிறது. சென்னையில் பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேல் மீண்டும் மீண்டும் புதிய தார் அடுக்கு போடப்பட்டதால், பல தெருக்கள் வீடுகளைவிட உயர்ந்துவிட்டன. பழைய அடுக்கைச் சுரண்டிய பின்னரே புதிய அடுக்கு இடவேண்டும் எனத் தமிழ்நாடு அரசு 2021இல் அறிவுறுத்தியது.

சாலை உயர்ந்ததும் மழைநீர் வீட்டினுள் வருகிறது. வீட்டுக்காரர் மண் கொட்டித் தரையை உயர்த்துகிறார். அப்போது ஓதத் தடுப்பு வரிசை மண்ணுக்குள் புதைந்துவிடுவதால், ஈரம் அதைச் சுற்றிக்கொண்டு சுவரில் ஏறுகிறது. நீர் ஆவியானதும் அதில் கரைந்திருந்த உப்பு சுவரின் பரப்பில் பூக்கிறது. இடுப்பளவு உயரம் வரை வண்ணம் பொரிந்து உதிர்வதற்கு இதுவே காரணம் ஆகும். வண்ணத்தை மாற்றுவதால் இது நிற்பதில்லை. தரையை உயர்த்தும் போதே சுவரில் புதிய மட்டத்திற்கு மேலே தடுப்பு ஏற்படுத்த வேண்டும். சில வீடுகளில் கட்டிடம் முழுவதையும் ஜாக்கிகளைக் கொண்டு தூக்கி, கீழே சுவர் எழுப்பும் முறையும் கையாளப்படுகிறது.

பழுதைக் கண்டறிதல்

அனுபவமுள்ள கொத்தனார் முதலில் சுத்தியலால் கூரையைத் தட்டிப் பார்ப்பார். திடமான கற்காரை கணீரென ஒலிக்கும். உள்ளே பிரிந்திருந்தால் பொத்தென்ற வெற்றொலி வரும். வெற்றொலி வரும் எல்லையைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்வது வழக்கம்.

கரியமில வாயு எவ்வளவு ஆழம் சென்றுள்ளது என்பதை அறிய, புதிதாக உடைத்த பரப்பில் பினாப்தலீன் கரைசல் தெளிக்கப்படுகிறது. காரத்தன்மை எஞ்சியுள்ள பகுதி இளஞ்சிவப்பாக மாறும். அதை இழந்த பகுதி நிறமற்றே இருக்கும். நிறமற்ற பகுதி கம்பி வரை எட்டியிருந்தால் மேற்பூச்சு மட்டும் போதாது. குளோரைடு அளவை அறிய மாதிரித்தூள் எடுத்து ஆய்வகத்தில் சோதிக்க வேண்டும்.

கற்காரையைச் சீரமைத்தல்

நீடிக்கும் சீரமைப்பின் படிநிலைகள் பின்வருமாறு:

1. நீர் வரும் வழியை முதலில் அடைத்தல். மேல்வீட்டுக் கழிவறைக் குழாய் கசியும்வரை கீழ்வீட்டுக் கூரையில் செய்யும் எந்த வேலையும் நிலைக்காது.
2. உத்தரம், தளம் ஆகியவற்றைக் கொத்துவதற்கு முன் முட்டுக் கொடுத்தல்.
3. பழுதுற்ற கற்காரையைக் கம்பியின் பின்புறம் விரல் நுழையும் அளவுக்குக் கொத்தி எடுத்தல். முன்புறத்தை மட்டும் கொத்தினால் பின்புறத் துரு அப்படியே இருக்கும்.
4. கம்பியைக் கம்பித்தூரிகையால் அல்லது மணல் வீச்சால் இரும்பின் பளபளப்புத் தெரியும்வரை துலக்குதல். தடிமன் கணிசமாகக் குறைந்திருந்தால் பொறியாளரின் கணக்குப்படி புதிய கம்பி சேர்த்தல்.
5. துருத்தடுப்புப் பூச்சு இடுதல். காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் கட்டுமானக் கம்பிகளுக்கென சிமெண்டும் பலபடியும் கலந்த துருத்தடுப்புப் பூச்சு ஒன்றை உருவாக்கியுள்ளது.
6. பழைய பரப்பும் புதிய கலவையும் ஒட்டப் பிணைப்புப் பூச்சு தடவி, பலபடி சேர்த்த கலவையை அடுக்கடுக்காக அழுத்தி நிரப்புதல்.
7. நீராற்றுதல். தொழிலாளர்கள் இதைக் கியூரிங் என்றே வழங்குவர். சீரமைப்புக் கலவைக்கு அதன் தயாரிப்பாளர் குறிப்பிடும் காலம்வரை இதைச் செய்ய வேண்டும். புதிதாக வார்க்கப்படும் சாதாரண சிமெண்ட் கற்காரைக்கு மேற்கூறிய நெறிமுறைப்படி குறைந்தது 7 நாட்களும், வெப்பமும் வறட்சியும் மிகுந்த காலத்தில் 10 நாட்களும் ஈரம் காக்கப்பட வேண்டும்.

நடைமுறையில் மூன்றாம், நான்காம், ஏழாம் படிநிலைகளே பெரும்பாலும் குறைக்கப்படுகின்றன. இவற்றுக்கு நேரமும் கூலியும் மிகுதி. வேலை முடிந்தபின் இவை கண்ணுக்குத் தெரிவதில்லை. விழுந்த இடத்தில் மட்டும் சிமெண்ட் பூசி மறைத்தால், ஓரிரு மழைக்காலத்திற்குப் பின் அதே இடம் மீண்டும் பெயரலாம்.

உப்பு ஏறிய கற்காரையில் மற்றுமொரு சிக்கல் உண்டு. ஒட்டுப்போட்ட இடத்திலுள்ள கம்பி காக்கப்பட்டவுடன், அதைத் தொட்டடுத்த பழைய பகுதியின் கம்பி முன்னிலும் விரைவாகத் துருப்பிடிக்கக்கூடும். இது ஒரு மின்வேதி நிகழ்வாகும். ஆகவே வெற்றொலி வரும் எல்லையைத் தாண்டியும் கொத்த வேண்டியிருக்கும்.

புதிதாக வார்க்கும் பகுதிகளில் கம்பிக்கு வெளியே விடவேண்டிய கற்காரையின் தடிமனும் முக்கியமானது. மேற்கூறிய நெறிமுறை, கடுமை மிகக் குறைந்த சூழலுக்கு 20 மில்லிமீட்டரும், கடலோரச் சூழலுக்கு நேரடியாக உட்படும் கற்காரைக்கு 45 மில்லிமீட்டரும் குறிப்பிடுகிறது. தளக்கம்பியின் அடியில் கவர் பிளாக் எனப்படும் சிறு கட்டைகளை வைப்பது இதற்காகவே. வார்க்கும்போது கம்பிமேல் நடந்து அக்கட்டைகள் நகர்ந்துவிட்டால், வீட்டின் ஆயுள் அந்த இடத்தில் குறைந்துவிடுகிறது.

சுண்ணாம்புக் கட்டிடங்களைச் சீரமைத்தல்

மெட்ராஸ் தளத்தில், தேக்கு மரச் சட்டங்களின் மேல் சிறிய தட்டைச் செங்கற்கள் குறுக்குச் சாய்வாகச் செங்குத்தாக அடுக்கப்பட்டு, சுண்ணாம்புக் கலவையால் பிணைக்கப்படும். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த அடுக்கு பரப்பப்பட்டு, மரக்கட்டைகளால் பல நாட்கள் அடித்து இறுக்கப்படும். அப்போது கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளிக்கப்படும். எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு பதிக்கப்படும்.

சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உள்வாங்கி மீண்டும் வெளிவிடும் இயல்புடையது. சிமெண்ட் பூச்சு இறுக்கமானது. பழைய சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்ட் பூசினால் உள்ளே புகுந்த ஈரம் வெளியேற இயலாமல் தேங்குகிறது. அது சுவரில் மேலும் உயரே ஏறுகிறது; உப்பு செங்கல்லுக்குள்ளேயே படிகமாகி அதை மாவாக்குகிறது; ஈரம் எட்டும் மரச்சட்டங்களின் முனைகள் உளுக்கின்றன. வலிமையான பொருளே சிறந்த பொருள் என்னும் கருத்து இங்கு பொருந்தாது. பழைய பொருளோடு ஒத்துப்போகும் பொருளே சுவரைக் காக்கிறது. எனவே இத்தகைய வீடுகளில் நன்கு நீற்றிப் புளிக்கவைத்த சுண்ணாம்பையே பயன்படுத்த வேண்டும். சட்டங்களின் முனைகளைத் திறந்து பார்த்து, உளுத்த பகுதியை மாற்ற வேண்டும்.

தொழிலாளர்களும் கைத்திறனும்

ஒரு சீரமைப்புப் பணியில் மேஸ்திரி, கொத்தனார், கம்பி கட்டுபவர், குழாய்ப் பணியாளர், தச்சர், சித்தாள் எனப் பலர் ஈடுபடுகின்றனர். கரணை, மட்டப்பலகை, தூக்குக்குண்டு, ரசமட்டம், மூலைமட்டம் ஆகியவை கொத்தனாரின் அடிப்படைக் கருவிகள் ஆகும். கலவையின் நீரளவைத் தீர்மானிப்பதில் இவர்களது பங்கு பெரிது. வேலை எளிதாக ஓடவேண்டும் என்று கூடுதலாக ஊற்றப்படும் நீர், பின்னர் ஆவியாகி நுண்துளைகளை விட்டுச்செல்கிறது. உப்பு புகும் வழி அதுவே.

நீராற்றுதல், கலவை சுமத்தல் ஆகிய பணிகளைப் பெரும்பாலும் பெண் சித்தாட்களே செய்கின்றனர். சுவரின் உறுதியை முடிவுசெய்யும் வேலை இவர்களிடம் இருந்தபோதிலும், கூலி வரிசையில் இவர்கள் கீழ்நிலையிலேயே உள்ளனர். கட்டுமானத் தொழிலாளர்களுக்கான நலவாரியம் தமிழ்நாட்டில் 1994இல் அமைக்கப்பட்டது.

பாதுகாப்பு

2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் வாரியக் குடியிருப்பின் ஒரு பகுதி இடிந்து விழுந்து 24 வீடுகள் அழிந்தன. விரிசலைக் கண்ட குடியிருப்போர் முன்னரே வெளியேறிவிட்டதால் உயிரிழப்பு ஏற்படவில்லை. விரிசல் என்பது அழகுக்குறை அன்று, அது ஓர் எச்சரிக்கை என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

பின்வருவன தென்பட்டால் வண்ணம் பூசுவதைத் தவிர்த்து, கட்டமைப்புப் பொறியாளரை அணுகவேண்டும்:

* தூணிலோ உத்தரத்திலோ நீளவாக்கில் விரிசல்
* நாளுக்கு நாள் அகலமாகும் விரிசல்
* தளம் தொய்தல்
* கதவு, சன்னல் திடீரெனப் பிடித்துக்கொள்ளுதல்

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இடைச்சுவரை அகற்றுவதும், பழைய அடித்தளத்தின் மேல் கூடுதல் மாடி எழுப்புவதும் மற்ற வீடுகளையும் பாதிக்கும். ஆகையால் கட்டமைப்பு ஆய்வும் உரிய அனுமதியும் இன்றி இவற்றைச் செய்யலாகாது. பல தூண்களில் கம்பி தேய்ந்துபோன கட்டிடத்தைச் சீரமைப்பதைவிட இடித்துக் கட்டுவதே தக்கதாக இருக்கலாம்.

செலவின் வரிசை

குறைந்த பொருளுடன் வீட்டைப் புதுப்பிப்போர் பலர் தரை ஓட்டிலும் வண்ணத்திலும் தொடங்கி, பணம் தீர்ந்தபின் கசிவைக் கவனிக்கின்றனர். இதனால் புதிய ஓட்டையும் பூச்சையும் மீண்டும் உடைக்க நேர்கிறது. நீர்க்கசிவு, கம்பியும் கற்காரையும், பூச்சு, ஓடும் வண்ணமும் என்பதே பொருத்தமான வரிசை ஆகும். கழிவறைத் தரையில் ஓடு பதிக்கும் முன் ஒரு நாளாவது நீரைத் தேக்கிவைத்துக் கீழ்த்தளத்தில் ஈரம் தெரிகிறதா எனப் பார்ப்பது, பெரும் செலவைத் தவிர்க்கும் எளிய சோதனையாகும்.