படத்துக்கும் வாய் வேண்டும்!

பிள்ளைகளே, உவரிக் கடற்கரையில் கப்பல் மாதா கோயிலைப் பார்த்திருக்கிறீர்களா? கப்பல் வடிவத்தில் கட்டிய கோயில்; மேலே ஒரு விமானம்! அதன் படம் ஓர் இணையதளத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பார்த்ததும் "ஆகா!" என்பீர்கள். கண் பார்வை இல்லாத மாணவன் ஒருவன் அந்தப் பக்கத்தைத் திறந்தால்?

அவன் எப்படித் திறப்பான் என்கிறீர்களா? நன்றாகத் திறப்பான். பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் 1890-லேயே பார்வையற்றோருக்குப் பள்ளி தொடங்கினார். அந்தக் காலத்தில் விரல் நுனியால் தடவிப் படித்தார்கள். இப்போது காதாலும் படிக்கலாம். கணினித் திரையில் உள்ள எழுத்தை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருளுக்கு 'ஸ்கிரீன் ரீடர்' என்று பெயர், தமிழில் திரைவாசிப்பான். மவுஸ் தேவையில்லை, விசைப்பலகை போதும்.

இவற்றில் புகழ்பெற்றது என்.வி.டி.ஏ. ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கர்ரன் 2006-ல் தொடங்கினார். நண்பர் ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். இருவருக்குமே பார்வை கிடையாது! கடையில் விற்ற திரைவாசிப்பான்களின் விலை பலருக்கு எட்டவில்லை. இதற்கோ காசே வேண்டாம். தமிழும் படிக்கும். 'எச்' விசையைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குத் தாவும். 'ஜி' தட்டினால் அடுத்த படத்துக்கு.

படத்துக்குப் போய் என்ன சொல்லும்? அங்கேதான் சிக்கல். படத்தோடு சேர்த்து, திரையில் தெரியாதபடி, ஒரு வரி எழுதிவைக்க வேண்டும். அதற்கு மாற்று உரை என்று பெயர். "கப்பல் வடிவக் கோயில், மேலே விமானம்" என்று எழுதியிருந்தால் அப்படியே படிக்கும். அவனும் "ஆகா!" என்பான். எழுதாவிட்டால் "படம்" என்று மட்டும் சொல்லும்; அல்லது "ஐ.எம்.ஜி. 0042" என்று கோப்பின் பெயரை ஒப்பிக்கும், அல்லது வாய் திறக்காமல் தாண்டிவிடும். இன்று செயற்கை நுண்ணறிவு படத்தைப் பார்த்துத் தானே விவரிக்கிறது. ஆனால் சில நேரம் இல்லாததையும் சொல்லிவிடும்!

கோயில் படம் போனால் போகட்டும். தேர்வு அட்டவணையையே படமாகப் போட்டுவிடுகிறார்களே! கணக்குத் தேர்வு எந்த நாள் என்று அவன் இன்னொருவரைக் கேட்க வேண்டும். எனக்கு இதுதான் பொறுக்கவில்லை.

இணையத்துக்கு விதி வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 1999-லேயே வழிகாட்டி வெளியிட்டது. படத்துக்கு மாற்று உரை என்பது அதில் முதல் பாடம். நம் நாட்டில் 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் தகவல்கள் அவர்களுக்கும் எட்ட வேண்டும் என்கிறது.

எழுதிப் பார்க்கிறீர்களா? தேர்வுக் கட்டுரை மாதிரி பக்கம் பக்கமாக வேண்டாம். ஒரு வரி போதும். படத்தைப் பார்க்காத நண்பனிடம் அதைப் படித்துக் காட்டுங்கள். அவன் "அது கப்பலா, கோயிலா?" என்று கேட்டால், இன்னும் இரண்டு சொல் சேர்க்க வேண்டும்.