நகரமும் வெம்மையும்: செட்டிநாடு தரும் பாடம்

மாந்தர் கூடி வாழத் தொடங்கிய நாள்தொட்டு நகரங்கள் நாகரிகத்தின் நிலைக்களன்களாக விளங்கி வருகின்றன. கல்வி, மருத்துவம், வணிகம் ஆகிய யாவும் அங்கே தழைக்கின்றன. ஆயினும், பருவநிலை மாற்றம் என்னும் பெருந்துன்பத்தில் நகரங்களுக்கு இருவகைப் பங்குண்டு. அத்துன்பத்தை வளர்ப்பனவும் அவையே. அதனால் வாட்டமுறுவனவும் அவையே.

முதற்கண், வளர்க்கும் வகையினைக் காண்போம். நிலக்கரியும் பெட்ரோலும் டீசலும் எரிவதால் எழும் கரியமில வாயு, புவியின் வெப்பம் விண்வெளிக்குத் தப்பிச் செல்லாவண்ணம் தடுக்கின்றது. 2020ஆம் ஆண்டில் உலகில் வெளியான இத்தகைய வாயுக்களுள் 67 முதல் 72 விழுக்காடு வரை நகரங்களின் நுகர்வால் எழுந்தவை எனப் பன்னாட்டு அறிஞர் குழு மதிப்பிட்டுள்ளது. ஊர்திகளும் மின்சாரமும் மட்டுமன்றி, கட்டடங்களுக்கான சிமெண்டும் இதற்குக் காரணமாகும். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுச் சிமெண்ட் ஆக்குங்கால் அக்கல்லிலிருந்தே கரியமில வாயு வெளியேறுகின்றது.

இனி, வாட்டமுறும் வகையினைக் காண்போம். கான்கிரீட்டும் தார்ச்சாலையும் பகலெல்லாம் வெப்பத்தை உண்டு, இரவில் உமிழ்கின்றன. குளிரூட்டும் கருவிகள் அறையின் வெம்மையைத் தெருவில் கொட்டுகின்றன. நிழல்தரும் மரங்களும் குறைந்து போகவே, சுற்றியுள்ள சிற்றூர்களைவிட நகரம் மிகுதியாகக் கொதிக்கின்றது. குளிர்ந்த அறையில் இருப்போரைக் காட்டிலும், தகரக் கூரையின்கீழ் வாழ்வோரும் வெயிலில் உழைப்போருமே இதனால் பெரிதும் நலிகின்றனர்.

வெள்ளமும் வறட்சியும் ஒரே நகரைத் தாக்கக்கூடும் என்பதற்குச் சென்னையே சான்று. 2015 டிசம்பர் தொடக்கத்தில் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது; நகரம் நீரில் மூழ்கியது. 2019ஆம் ஆண்டிலோ குடிநீர் வழங்கும் ஏரிகள் வறண்டமையால், ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் நீர் கொண்டுவர நேர்ந்தது. மழைநீரைத் தாங்கும் சதுப்பு நிலங்களும் ஏரிகளும் சுருங்கியமை இவ்விரு துன்பங்களையும் பெருக்கியது.

இந்நிலையில் நம் செட்டிநாட்டை நோக்குவோம். வானம் பார்த்த இவ்வறண்ட மண்ணில் நம் முன்னோர் வெம்மையையும் நீரையும் நன்கறிந்தே வீடு சமைத்தனர். தடித்த சுவர்களும் சுண்ணாம்புப் பூச்சும் வெயிலைத் தடுத்தன. உயர்ந்த கூரையும் திறந்த முற்றமும் சூடான காற்றை மேலேற்றி வெளியேற்றின. ஆத்தங்குடித் தரைக்கற்கள் பாதத்திற்குக் குளிர்ச்சி தந்தன. ஓட்டுக்கூரையில் விழுந்த மழை முற்றத்தில் இறங்கி, கலங்களில் நிறைந்தது. எஞ்சிய நீர் வடிகால் வழியே ஊரணியைச் சேர்ந்தது. அவ்வில்லங்கள் செல்வர் எழுப்பியவை என்பது மெய்யே. ஆயினும் நிழல், காற்றோட்டம், மழைநீர்ச் சேமிப்பு ஆகிய கோட்பாடுகள் சிறு வீட்டிற்கும் பொருந்துவனவாகும்.

காரைக்குடி 2024ஆம் ஆண்டில் மாநகராட்சியாக உயர்ந்தது. இஃது உவகைக்குரியது, கவலைக்கும் உரியது. ஊர் விரியுந்தோறும் வரத்துக்கால்கள் மனைகளாக மாறுமாயின், ஊரணி வெறும் பள்ளமாகிவிடும். முற்றங்கள் மூடப்படுமாயின், மின்சாரமின்றி வீடு குளிராது. பெருநகரங்கள் இழந்தபின் தேடுவதை நாம் இழக்குமுன் காத்தல் வேண்டும்.

புதிய அறிவியலுக்கும் இங்குக் குறைவில்லை. வள்ளல் அழகப்பரின் கொடையால் அமைந்து, 1953இல் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகம், மின்னாற்றலைச் சேமிக்கும் மின்கலங்களை ஆராய்ந்து வருகின்றது. பழைய முற்றத்தின் நுட்பமும் புதிய மின்கலத்தின் நுட்பமும் ஒரே ஊரில் அமைந்திருத்தல் நமது பேறு.

ஆதலின், மாணவர்கள் தத்தம் ஊர் ஊரணிகளையும் வரத்துக்கால்களையும் கண்டு கணக்கெடுத்தல் வேண்டும். ஆசிரியர்கள் அதற்கு வழிகாட்டுதல் வேண்டும். ஊர்ப் பெரியோர் அடைபட்டவற்றைத் திறக்க முன்வருதல் வேண்டும். வளரும் நகரம் குளிர்ந்த நகரமாகவும் அமைவதற்குச் செட்டிநாடு வழிகாட்டட்டும்!