ஊருக்கு ஒரு பொது நாட்காட்டி

கூடிப் பேசி முடிவு செய்வதே பஞ்சாயத்து ஆட்சியின் உயிர்நாடியாகும். கூடிப் பேசுவதற்கோ முதலில் நாள் ஒத்துவர வேண்டும். இது மிக எளிய காரியமாகத் தோன்றினும், நம் கிராமங்களில் எத்தனையோ நல்ல திட்டங்கள் இந்த முதற்படியிலேயே இடறி நின்றுவிடுகின்றன. உறுப்பினர்கள் வந்த நாளில் அதிகாரி வருவதில்லை. அதிகாரி வந்த நாளில் பக்கத்து ஊரில் சந்தை கூடுகிறது. எல்லாம் பொருந்திய நாளிலோ செய்தி பாதிப் பேருக்கு எட்டுவதில்லை. கூலி வேலையை விட்டுவிட்டுக் கூட்டத்திற்கு வந்து, கூட்டம் நடவாமல் திரும்பும் தொழிலாளிக்கு அன்றைய ஊதியம் நஷ்டம். இரண்டு முறை இவ்வாறு நேர்ந்தால் மூன்றாம் முறை அவர் வரமாட்டார். வராதவருடைய குறை தீர்மானப் புத்தகத்தில் ஏறுவதும் இல்லை.

இக்குறையைப் பெரும்பாலும் நீக்கவல்ல சாதனம் ஒன்று இன்று நம் கைப்பேசியிலேயே இருக்கிறது. அதுவே பகிர்வு நாட்காட்டி. அலுவலகங்களில் கூட்டத்திற்கு நாள் குறிக்கப் பல ஆண்டுகளாகப் பயன்பட்டுவரும் இதனைப் பஞ்சாயத்துக் காரியங்களில் எவ்வாறு கையாளலாம் என்பதை இங்கே விளக்குவோம்.

பகிர்வு நாட்காட்டி என்பது யாது?

சுவரில் தொங்கும் நாட்காட்டியில் நாம் எழுதும் குறிப்பு, அச்சுவரின் முன் நிற்பவருக்கு மட்டுமே தெரியும். பகிர்வு நாட்காட்டியில் ஒருவர் எழுதும் குறிப்போ, அனுமதி பெற்ற அனைவருடைய கைப்பேசியிலும் கணினியிலும் தோன்றும். பின்னர் நாளை மாற்றினால் அம்மாற்றமும் எல்லோரிடத்தும் தோன்றும். இதற்கான செயலிகள் பல உள்ளன. அவற்றுள் பலரும் அறிந்தது, 2006-ஆம் ஆண்டில் பொதுமக்களின் உபயோகத்திற்கு வந்த கூகுள் காலண்டர். கட்டணம் இல்லாத ஜிமெயில் கணக்கு ஒன்று இருந்தால் இதனைப் பயன்படுத்தலாம்.

அதிகாரி வேறு நிறுவனத்தின் செயலியை வைத்திருந்தால் என் செய்வது என்ற ஐயம் எழலாம். ஒரு நாட்காட்டியின் குறிப்பை மற்றொன்று புரிந்துகொள்ளும் பொருட்டு ‘ஐகேலண்டர்’ என்னும் பொது முறை 1998-ஆம் ஆண்டிலேயே வகுக்கப்பட்டுள்ளது. ஆகையால் நாம் அனுப்பும் அழைப்பு மின்னஞ்சல் வழியே அவருடைய நாட்காட்டியிலும் சென்று சேரும்.

முதலில் எழுத வேண்டியவை

நாட்காட்டியைத் தொடங்கியவுடன் கூட்டங்களை எழுதத் தலைப்படுவது பலருடைய இயல்பு. நாம் கூறுவது, ஊரின் வாழ்க்கையை முதலில் எழுதுங்கள் என்பதே. சந்தை நாள், முறைப்பாசனத்தில் நம் மடைக்குத் தண்ணீர் வரும் நாட்கள், கோயில் திருவிழா, நடவும் அறுவடையும் மும்முரமாக நடைபெறும் வாரங்கள் ஆகியவை முதலில் இடம்பெற வேண்டும். வாரந்தோறும் வரும் சந்தையை ஒருமுறை எழுதி, ‘வாரந்தோறும்’ என்று குறித்தால் போதும். ஆண்டு முழுவதற்கும் அது தானே பதிவாகிவிடும்.

அடுத்து, கிராம சபை நாட்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களுடன், உலக நீர் நாளாகிய மார்ச் 22, உள்ளாட்சி நாளாகிய நவம்பர் 1 ஆகிய இரண்டும் 2022-ஆம் ஆண்டில் தமிழக அரசால் சேர்க்கப்பட்டன. இவ்வாறு தேதி மாறாத நாட்களை ‘ஆண்டுதோறும்’ என்று குறிக்கலாம். அமாவாசையை அவ்வாறு குறிக்க இயலாது. ஆங்கிலத் தேதிப்படி அது மாதந்தோறும் நகர்ந்துகொண்டே இருக்கும். ஆண்டின் தொடக்கத்தில் பஞ்சாங்கத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக எழுதிக்கொள்வதே வழி. பல ஊர்களில் அமாவாசையன்று ஏர் பூட்டுவதில்லை. எனவே உழவர்கள் கூடுவதற்கு அந்நாள் ஏற்றதாகவும் அமையலாம்.

வேலையின் முடிவு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிக் கூட்ட நாளைக் குறிப்பது நலம். காவிரிப் பாசனத்திற்கு மேட்டூர் அணையைத் திறப்பதற்கு வழக்கமான நாள் ஜூன் 12. வாய்க்காலைத் தூர் வாருவது பற்றி ஜூன் மாதத்தில் கூடிப் பேசிப் பயன் என்ன? ஜூன் 12 நாட்காட்டியில் கண்ணெதிரே நின்றால், அதற்கான கூட்டத்தை மார்ச்சு அல்லது ஏப்ரலிலேயே வைக்க வேண்டும் என்பது தானே விளங்கும்.

நாள் குறிக்கும் முறை

வேளாண்மைக் குழுவில் ஒன்பது பேர் இருப்பதாகக் கொள்வோம். மூன்று நாட்களைச் சொல்லி எது வசதி என்று ஒவ்வொருவரையும் கேட்டால் இருபத்தேழு பதில்களை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசி உறுப்பினரைக் கேட்டு முடிப்பதற்குள் முதலாமவருடைய வசதி மாறிவிடும். உறுப்பினர்கள் தத்தம் நாட்காட்டியைப் பகிர்ந்துகொண்டால், எல்லோருக்கும் ஓய்வுள்ள வேளையை ஒரே பார்வையில் கண்டுகொள்ளலாம். ஒருவருக்கு அன்று என்ன வேலை என்பதை வெளியிட வேண்டியதில்லை. ‘வேலை உள்ளது’ என்று மட்டும் தெரியும்படி பகிரும் வசதி உண்டு. பல கிராமங்களுக்குப் பொறுப்பான உதவி வேளாண்மை அலுவலர் போன்றோருக்கு இது பெரிதும் உதவும்.

நாள் தெரிந்தபின் கூட்டத்தின் பெயர், இடம், நேரம், பேசவேண்டிய பொருள்கள் ஆகியவற்றை எழுதி அழைப்பு அனுப்ப வேண்டும். பெறுபவர் ‘ஆம்’, ‘இல்லை’, ‘ஒருவேளை’ என மூன்றில் ஒன்றைத் தொட்டுப் பதில் தரலாம். ஒரு நாள் முன்பும் ஒரு மணி நேரம் முன்பும் நினைவூட்டல் வருமாறு அமைத்துக்கொள்ளலாம். நாள் தள்ளிப்போனால் புதிதாக ஒரு குறிப்பு எழுதலாகாது. பழைய குறிப்பையே திருத்த வேண்டும். இல்லையேல் இரண்டு நாட்களும் நாட்காட்டியில் நின்று குழப்பம் விளைவிக்கும். மாதந்தோறும் நிகழும் கூட்டத்தைத் திருத்தும்போது, இந்த ஒரு கூட்டத்தை மட்டுமா, இனி வருவன எல்லாவற்றையுமா என்று செயலி கேட்கும். அதனை நிதானமாகப் படித்துப் பதில் தருக.

உரிமையும் பொறுப்பும்

எல்லோரும் பார்க்கலாம், இருவர் மட்டுமே எழுதலாம் என்பது நல்ல ஏற்பாடு. தலைவரும் செயலரும் எழுதும் உரிமை பெறுவது பொருத்தமாக இருக்கும். நாட்காட்டியைத் தனிப்பட்ட ஒருவருடைய கணக்கில் தொடங்காமல், பஞ்சாயத்தின் பெயரில் தனிக் கணக்கு ஏற்படுத்தித் தொடங்க வேண்டும். அவ்வாறின்றேல், செயலர் மாறுதலாகிச் செல்லும்போது ஊரின் நாட்காட்டியும் அவருடன் சென்றுவிடும். கடவுச்சொல்லையும் பொறுப்பு ஒப்படைப்பில் ஒன்றாகச் சேர்ப்பது அவசியம். பயனாளிகளின் ஆதார் எண், நோய் விவரம் போன்றவற்றை நாட்காட்டியில் எழுதுவது கூடவே கூடாது.

கைப்பேசி இல்லாதவர்கள்

மிக முக்கியமான செய்திக்கு வருகிறோம். கிராம சபை செல்லுபடியாவதற்குக் குறைந்தபட்ச வருகை வேண்டும். மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேரும், 501 முதல் 3,000 வரை 100 பேரும், 3,001 முதல் 10,000 வரை 200 பேரும், அதற்கு மேல் 300 பேரும் கூட வேண்டும். இத்தனை பேரையும் நாட்காட்டிச் செயலியைக் கொண்டு அழைத்துவிட முடியாது. இணைய வசதியுள்ள கைப்பேசி இல்லாத முதியோரும், வீட்டிலுள்ள ஒரே கைப்பேசி கணவர் கையிலோ மகன் கையிலோ இருக்கும் பெண்களும் பலர். ஆகையால் சட்டம் கூறும் எழுத்து அறிவிப்பும், அறிவிப்புப் பலகையும் தொடர்ந்தே தீரவேண்டும். தண்டோரா முறையைக் கைவிடுமாறு தமிழக அரசு 2022-ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. அதனிடத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பு இருக்கிறது.

மாதத்தின் முதல் நாளன்று நாட்காட்டியின் அம்மாதப் பக்கத்தைத் தாளில் அச்சிட்டுப் பஞ்சாயத்து அலுவலகத்திலும், நியாயவிலைக் கடையிலும், அங்கன்வாடியிலும் ஒட்டலாம். தெருவுக்கு ஒருவர் பொறுப்பேற்று, கைப்பேசி இல்லாத வீடுகளுக்கு வாய்மொழியாகச் செய்தி சொல்லலாம். செயலியில் நாள் மாறினால் தாளிலும் மாற வேண்டும் என்பதை மறத்தலாகாது.

நாட்காட்டி கூட்டத்தை நடத்திவிடாது. குறித்த நாளில், குறித்த நேரத்தில், குறித்த இடத்தில் கூட்டம் நடக்கும் என்ற நம்பிக்கையை ஊரில் வளர்ப்பதே அதன் பயன். அந்நம்பிக்கை வேரூன்றினால், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரும் தொழிலாளியும் தயங்காமல் வருவார். தம் தெருவின் குடிநீரைப் பற்றியும் விளக்கைப் பற்றியும் எழுந்து பேசுவார். பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் அடுத்த கூட்டத்திலேயே இதனை ஒரு பொருளாக எடுத்துப் பேசி, தத்தம் ஊருக்கு ஒரு பொது நாட்காட்டியைத் தொடங்குவார்களாக.