முதலை முட்டையைப் புரட்டினால் உயிர் போகும்!

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது அமராவதி அணை. இடுக்கி மலைகளில் இருந்து பாம்பாறும் சின்னாறும் கொண்டுவரும் தண்ணீர்தான் அங்கே தேங்குகிறது. மறையூர்க்காரர்களுக்குச் சின்னாறு வழி. பாலக்காட்டுக்காரர்களுக்குப் பொள்ளாச்சி வழி.

அணையருகே ஒரு முதலைப் பண்ணை உண்டு. தோலுக்காக வேட்டையாடப்பட்டு, 1970-களின் தொடக்கத்தில் நம் நாட்டில் முதலைகள் அருகிப் போயின. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1975-ல் முதலைப் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. கரைகளில் கிடக்கும் முட்டைகளைச் சேகரித்து, பொரிக்க வைத்து, குஞ்சுகளை வளர்ப்பதே திட்டம். அக்காலத்தில் தோன்றியதுதான் அமராவதிப் பண்ணை.

முட்டைகளைக் கூடையில் அள்ளிப் போட்டு வந்துவிட முடியாது. குழியில் மேலே இருந்த பக்கத்தில் பென்சிலால் அடையாளம் போட வேண்டும். அந்தப் பக்கம் கடைசிவரை மேலேயே இருக்க வேண்டும். ஏன்?

கோழி வேறு, முதலை வேறு

அடைகாக்கும் கோழி முட்டைகளைப் புரட்டிப் புரட்டி விடும். கோழி முட்டையின் அகன்ற முனையில் காற்றறை உண்டு. வேகவைத்த முட்டையை உரித்தால் அந்தக் குழிவு தெரியும். முதலை முட்டையில் அது கிடையாது.

முட்டையிட்ட ஓரிரு நாளில், கரு மேல்பக்கத்துச் சவ்வில் ஒட்டிக்கொள்ளும். அங்கே ஓட்டில் வெள்ளைத் திட்டு தோன்றி, பட்டைபோல் முட்டையைச் சுற்றிப் படரும். அந்த வழியாகத்தான் பிராணவாயு எளிதில் உள்ளே போகிறது. கரியமில வாயு வெளியேறுகிறது. ஓட்டுக்கு அடியில் பரவும் ரத்தக் குழாய் வலையே கருவுக்கு நுரையீரல். இந்த நிலையில் முட்டையைப் புரட்டினால் சவ்வு கிழியலாம். மஞ்சள் கருவின் பாரத்தில் கரு நசுங்கலாம்.

குஞ்சு வளர வளரப் பிராணவாயு அதிகம் தேவை. முட்டைக் குழியில் தண்ணீர் நின்றால் ஓட்டின் நுண்துளைகள் அடைபட்டு, கரு மூச்சு முட்டிச் சாகும். ஆகவேதான் தாய் முதலை மழைக்கு முந்திய மாதங்களில், தண்ணீர் எட்டாத மேட்டில் குழி தோண்டி 25, 30 முட்டைகள் இடுகிறது.

குஞ்சின் குரல்

சுமார் இரண்டு மாதங்களில், குஞ்சு முட்டைக்குள் இருந்தே குரல் கொடுக்கும். தாய் மண்ணைக் கிளறி வழி விடும். வெளியே வந்தபின் மூச்சு நுரையீரலில்தான். நீரில் வாழ்ந்தாலும் மீனைப்போல் செவுள் இல்லை. வலையில் சிக்கி மேலே வர முடியாவிட்டால் முதலையும் மூழ்கிச் சாகும்.

ஆற்றங்கரை மணலில் முட்டைகளைக் கண்டால் கை வைக்காதீர்கள். எடுப்பது குற்றம். "பார்த்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டோமே" என்பதும் உதவாது. தாயும் பக்கத்தில்தான் இருக்கும். வனத்துறைக்குத் தகவல் சொன்னால் போதும்.