பழைய ஜீப் வண்டிக்கு யந்திரம் மாற்றுதல்

மலைச்சரிவில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஜீப் வண்டியைப் போல் உதவும் வாகனம் வேறு கிடைப்பது அரிது. போடிநாயக்கனூரிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிச் செல்லும் வண்டிகளைப் பார்த்தவர்கள் இதனை அறிவார்கள். இவ்வண்டியின் மூலம் இரண்டாவது உலக யுத்தத்தில் உள்ளது. 1941 முதல் 1945 வரையில் அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு கம்பெனிகளும் ஆறு லட்சத்திற்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. யுத்தம் முடிந்த பின்னர் மஹிந்திரா கம்பெனியார் அதே இனத்தைப் பம்பாயில் பூட்டி விற்கத் தொடங்கி, பல பத்தாண்டுகள் அமைப்பை அதிகம் மாற்றாமலே செய்து வந்தனர். ஆகையால் சேஸிஸும் அச்சுகளும் திடமாயிருக்க, யந்திரம் மட்டும் தேய்ந்துபோன வண்டிகள் இன்றும் பல உள்ளன.

இத்தகைய வண்டியின் சொந்தக்காரருக்கு முதலில் தோன்றும் எண்ணம், பழைய பெட்ரோல் யந்திரத்தை எடுத்துவிட்டு ஒரு டீசல் யந்திரத்தை வைத்துவிடலாம் என்பதே. எண்ணம் தவறன்று. ஆனால் எந்த ஊர்ப் பட்டறையின் பின்புறம் சென்று பார்த்தாலும், முன்பக்கம் பிரிக்கப்பட்டுப் பாதியில் நின்றுபோன ஜீப் ஒன்றாவது வேப்பமரத்தடியில் கிடக்கக் காணலாம். யந்திரத்தை முதலில் வாங்கி, யோசனையைப் பிறகு செய்ததன் பலன் அது. ஒழுங்கு இதற்கு நேர்மாறாக இருத்தல் வேண்டும்.

யந்திரத்தை மாற்றத்தான் வேண்டுமா என்பதே முதற் கேள்வி. ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தத்தை அளக்கும் கருவி சிறு பட்டறைகளிலும் இருக்கும். ஒரு முறை அளந்து குறித்துக்கொண்டு, பின்பு சிலிண்டருக்குள் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுமுறை அளக்க வேண்டும். ஆயில் விட்டபின் அழுத்தம் நன்றாக ஏறினால் பிஸ்டன் ரிங்குகளும் போரும் தேய்ந்துள்ளன என்று கொள்ளலாம். ஏறாவிடில் குறை பெரும்பாலும் வால்வுகளில் உள்ளது. வால்வுக் குறையைத் தீர்க்கச் செல்லும் செலவு யந்திரம் மாற்றும் செலவில் ஒரு சிறு பங்கே. அந்த வில்லிஸ் யந்திரம் எளிய அமைப்புடையது; நான்கு சிலிண்டரும் சேர்ந்து சுமார் 2,200 கன சென்டிமீட்டர்; கடைசல் தெரிந்த எவரும் செப்பனிடத்தக்கது.

டீசலால் மிச்சமாகும் பணத்தையும் காகிதத்தில் போட்டுப் பார்ப்பது நலம். மாதம் 400 கிலோமீட்டர் ஓடும் வண்டி பெட்ரோலில் லிட்டருக்கு 7 கிலோமீட்டரும் டீசலில் 11 கிலோமீட்டரும் தரும் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 57 லிட்டருக்குப் பதில் 36 லிட்டர் போதும். இரண்டும் லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால் மிச்சம் 2,100 ரூபாய். மாற்றுவதற்கு ஒன்றரை லட்சம் செலவானால், முதல் திரும்பவே ஏறக்குறைய ஆறு வருஷங்கள் ஆகும். அவரவர் தம் ஓட்டத்தையும் விலையையும் வைத்து இக்கணக்கைப் போட வேண்டும். வருஷத்தில் அறுவடைக் காலத்தில் மட்டும் ஓடும் வண்டிக்கு இக்கணக்கு ஒருபோதும் கட்டிவராது.

அடுத்தது சட்டம். பட்டறைக்காரர் இதைப் பற்றிப் பேசமாட்டார். கிராம உத்தியோகஸ்தர்களோ இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் தயாரித்தவர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. மாற்று எரிபொருளுக்கான கருவித்தொகுதி பொருத்துவது போன்ற சில காரியங்களுக்கு நிபந்தனையோடு இடமுண்டு. 2019ஆம் வருஷம் ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் இப்பிரிவைக் கண்டிப்பாகவே பொருள்கொண்டது. ‘தோட்டத்துக்குள் தானே ஓடுகிறது’ என்னும் சமாதானமும் போதாது. பதிவைப் பற்றிய 39ஆவது பிரிவு பொது இடத்தை மட்டுமன்றி மற்ற இடங்களையும் சேர்த்தே சொல்லுகிறது. எனவே எந்த யந்திரம், எந்த எரிபொருள் என்பதை எழுதி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்னதாக எழுத்து மூலம் பதில் பெறாமல் ஒரு போல்ட்டையும் கழற்றலாகாது. பதில் பாதகமாயின், அதே இன யந்திரத்தைப் புதுப்பித்து வைப்பதே வழி. ஆள் ஏற்றிச் செல்லும் வண்டி மலைப்பாதையில் கவிழ்ந்தால், சான்றில் இல்லாத யந்திரத்தைக் காட்டி இன்ஷூரன்ஸ் கம்பெனி தகராறு செய்ய இடமுண்டு. நஷ்டஈடு முழுவதும் அப்போது நிலத்தின் மேல்தான் வந்து விழும்.

அனுமதி கிட்டும் என்று தெரிந்த பிறகே எந்த யந்திரம் என்ற ஆராய்ச்சி. இங்கேதான் பெரும்பான்மையோர் குதிரை சக்தியை மட்டும் பார்த்து ஏமாறுகின்றனர். பார்க்க வேண்டியவை இரண்டு: யந்திரம் நிமிஷத்திற்கு எத்தனை சுற்று ஓடத்தக்கது, எவ்வளவு முறுக்குவிசை தருகிறது என்பன.

சுற்றை முதலில் எடுத்துக்கொள்வோம். யுத்தத்திற்குப் பிந்திய ஜீப்புகள் பலவற்றில் அச்சின் பல் விகிதம் 5.38; அதாவது டாப் கியரில் யந்திரம் 5.38 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். 6.00-16 அளவு டயர் ஒரு சுற்றில் சுமார் 2.25 மீட்டர் செல்லும். வில்லிஸ் பெட்ரோல் யந்திரம் 4,000 சுற்று வரை ஓடத்தக்கது. 3,000 சுற்றிலேயே மணிக்கு 75 கிலோமீட்டர் வேகம் கிடைக்கிறது. அதே வண்டியில் 2,000 சுற்றுக்கு மேல் ஓடாத டிராக்டர் இன யந்திரத்தை வைத்தால், எவ்வளவு மிதித்தாலும் வேகம் 50 கிலோமீட்டரைத் தாண்டாது. தோட்டத்துக்கும் அடிவாரத்துக்கும் மட்டும் செல்பவருக்கு இது போதும். நெடுஞ்சாலையில் நாற்பது மைல் தள்ளிச் சந்தைக்குச் செல்பவருக்குப் போதாது. அச்சின் விகிதத்தை 4.3 ஆக மாற்றினால் வேகம் 63 ஆகும். ஆனால் மேட்டில் இழுவை ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். ஒன்றை வாங்க மற்றொன்றைக் கொடுத்தே ஆக வேண்டும்.

இனி முறுக்குவிசை. வில்லிஸ் யந்திரத்துக்குச் சொல்லப்படும் அளவு, 2,000 சுற்றில் சுமார் 14.5 கிலோகிராம்-மீட்டர். மூன்று கியர் பெட்டியின் முதற் கியர் 2.8, சிறிய கியர்ப் பெட்டியின் தாழ்ந்த விகிதம் 2.46, அச்சு 5.38, மூன்றையும் பெருக்கினால் 37. எனவே சக்கரங்களில் சேரும் முறுக்கு ஏறக்குறைய 535 கிலோகிராம்-மீட்டர். தரையில் அது ஒன்றரை டன் தள்ளுவிசைக்குச் சமம். வழியில் தேய்மானமாகப் போவதைக் கழித்தாலும், ஒரு டன் எடையுள்ள காலி வண்டியின் நான்கு சக்கரமும் ஈரமண்ணில் வழுக்குவதற்கு இது தாராளம். நல்ல நிலையிலுள்ள பழைய யந்திரமே தரை தாங்கக்கூடிய அளவுக்கு மேல் இழுக்கிறது என்பது இதனால் விளங்கும். மேடேற வலுவில்லை என்று பெரிய யந்திரம் தேடுவோர் இக்கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. அதிகப்படியான முறுக்கு சக்கரத்துக்குப் போய்ச் சேராமல், இடையிலுள்ள பற்களையும் அச்சுத்தண்டையும்தான் முறிக்கும். பாறையில் ஒரு சக்கரம் சிக்கி நிற்கும்போது தாழ்ந்த கியரில் மிதிக்கும் கணத்திலேயே அது முறியும்.

டீசல் என்றாலே இழுவை மிகுதி என்ற நம்பிக்கையும் முழு உண்மையன்று. மஹிந்திரா கம்பெனியார் எம்.எம். 540 என்னும் ஜீப்பில் பொருத்திய பெஜோ டீசல் யந்திரம் 2,112 கன சென்டிமீட்டரும் 62 குதிரை சக்தியும் உடையது. அதன் முறுக்குவிசை சுமார் 12 கிலோகிராம்-மீட்டர். அமெரிக்கர் தம் யந்திரங்களை விசிறி முதலியவை இல்லாமல் அளந்து கூட்டிச் சொன்னார்கள் என்பதைக் கழித்துப் பார்த்தாலும், இரண்டும் ஏறக்குறைய சமமே. டீசலின் அனுகூலம் எரிபொருள் சிக்கனத்திலும், தாழ்ந்த சுற்றில் நிதானமாக இழுப்பதிலும் உள்ளது. பழைய ஜீப்புக்கு இவ்வளவுள்ள யந்திரமே ஏற்றது. மஹிந்திரா கம்பெனியாரே ஜீப்பில் வைத்து விற்ற இனமாயின் மவுண்டிங்கும் பெல் ஹவுசிங்கும் தேடாமல் கிடைக்கும் என்பது மேலும் ஒரு வசதி.

பொருத்துமிடத்தில் உயரம் ஒரு பெரிய தடை. வில்லிஸ் கம்பெனியாரே 1953ஆம் வருஷம் சற்று உயரமான யந்திரத்தை வைக்க முற்பட்டபோது முன்மூடியை உயர்த்த வேண்டிவந்தது, சி.ஜே.-3பி இன ஜீப்பின் உயர்ந்த முகம் அவ்வாறு ஏற்பட்டதே. கீழ்ப்பக்கமும் அப்படியே. ஜீப்பின் முன் அச்சும் சக்தி பெற்றுச் சுழல்வதால், அதன் டிபரன்ஷியல் உருண்டை வலப்புறம் யந்திரத்தின் அடியில் வருகிறது. வண்டி பள்ளத்தில் இறங்கும்போது வில் மடங்கி அச்சு மேலே வரும். ஆயில் சம்ப் அதில் இடித்தால் நடுக்காட்டில் ஆயில் முழுவதும் வடிந்துபோம். வில் முழுவதும் மடங்கிய நிலையில் வைத்தே இடைவெளியை அளக்க வேண்டும். சமதரையில் நிற்கும்போது அளப்பதில் பயனில்லை.

யந்திரத்துக்கும் கியர் பெட்டிக்கும் இடையே தகடு வைத்து இணைப்பதாயின், இரண்டின் நடு அச்சும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். ஓர் அங்குலத்தில் 200இல் ஒரு பங்குக்கு மேல் விலகினால் கிளச் நடுங்கும்; கியர் தானே நழுவும்; சில மாதங்களில் பேரிங் போய்விடும். முள் காட்டும் அளவுமானி இல்லாத பட்டறையில் இவ்வேலையைக் கொடுப்பது பணத்தை ஆற்றில் போடுவதாகும்.

மற்றச் சில்லறைகளே மொத்தத்தில் பாதிச் செலவை விழுங்கும். பழைய ஜீப்புகளில் 6 வோல்ட் மின்சாரம். டீசலைக் கிளப்ப 12 வோல்ட் வேண்டும். ரேடியேட்டர், சைலன்சர்க் குழாய், மீந்த டீசல் தொட்டிக்குத் திரும்பும் குழாய், யந்திரத்தை நிறுத்தும் கம்பி, கழுவித் துருநீக்கிய தொட்டி ஆகிய எல்லாம் கணக்கில் சேர வேண்டும். பிரேக்கை மட்டும் சில்லறையில் சேர்க்கலாகாது. பழைய ஜீப்பின் பிரேக் 9 அங்குல டிரம், உதவிவிசை கிடையாது, நான்கு சக்கரத்துக்கும் ஒரே குழாய்வழி, ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் போயின. முன்பக்கத்தில் கனமான யந்திரத்தை ஏற்றிய பின் மலையிறக்கத்தில் நிறுத்த வேண்டியது இதே பிரேக்தான். கையில் உள்ள பணம் இரண்டுக்கும் போதாதாயின் பிரேக்கை முதலில் செய்து, யந்திரத்தை அடுத்த மகசூலுக்கு ஒத்திவைப்பதே தக்கது.

வாங்கும்போது தனி யந்திரமாக வாங்குவதைக் காட்டிலும், ஓடிக்கொண்டிருக்கும் முழு வண்டியாகப் பார்த்து, குளிர்ந்த நிலையில் கிளப்பச் சொல்லி, மேட்டில் ஓட்டி வாங்குவது மேல். கிளச், ரேடியேட்டர், மின்கம்பிகள், மவுண்டிங் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியபடியே கிடைத்துவிடும். யந்திர நம்பர் குறித்த ரசீதும், அது எந்த வண்டியிலிருந்து வந்ததோ அதன் பதிவுச் சான்றின் நகலும் இல்லாமல் முன்பணம் கொடுக்கலாகாது. சேஸிஸை வெட்டாமல் போல்ட் மூலமே மவுண்டிங் அமைக்கும்படி மிஸ்திரியிடம் கண்டித்துச் சொல்லவேண்டும். எடுத்த பழைய யந்திரத்தை இரும்பு விலைக்கு உடனே போட்டுவிடாமல், புது யந்திரம் ஒரு மழைக்காலம் முழுவதும் சுமையோடு ஓடிக் காட்டும் வரையில் ஆயில் தடவிக் கொட்டகையில் வைத்திருக்க வேண்டும்.